முன்மாதிரிச் சாரதியும் பரிசோதனை அழைப்பும்

என்ர போன் கதைக்கிறதுக்கு வாங்கினதில்லை. நான் உயிரோட நிக்கிறன் எண்டு மனுசிக்குத் தெரியப்படுத்த வாங்கினது. இதை முதலே சொல்லிப்போடுறன்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. நான் சாம்பல்தீவில இருந்து திருகோணமலை ரவுணுக்கு ஓட்டோ ஓடுறன். வழி முழுக்கச் சோதனைச் சாவடி, எங்கட கதையில சென்றி. காலமை வெளிக்கிட்ட ஆள் பின்னேரம் வீட்டை வருவார் எண்டதுக்கு அந்த நாளில ஒருத்தரும் பொறுப்பில்லை. அதால எங்கட பகுதியில ஒரு வழக்கம் வந்தது. சென்றியில சோதிச்சு விட்டவுடன, வாகனத்தைக் கிளப்ப முதல், வீட்டுக்கு ஒரு மிஸ்கோல் குடுக்கிறது. ஒரே ஒரு அடி, பிறகு கட். காசும் போகாது, கதையும் இல்லை. என்ர மனுசி கமலாதேவி வீட்டுப் போனைக் குசினியில உப்புப் போத்திலுக்குப் பக்கத்தில வைச்சிருப்பா. ஒரு அடி அடிச்சு நிண்டால் மனுசன் இந்தச் சென்றி தாண்டிட்டார் எண்டு அரிசியை உலையில போடுவா. அடிக்காட்டி உலை சும்மா கொதிச்சுக்கொண்டு கிடக்கும்.

இப்பிடி ஒழுங்கா உயிரோட இருந்த எங்களைத் திருத்தத்தான் மாவட்ட வீதி ஒழுக்கப் பணியகம் வந்தது. உட்துறைமுகப் பக்கம் ஒரு பழைய கட்டடத்துக்குப் பெயின்ற் அடிச்சு, பலகை போட்டு, பணிப்பாளர் ஒருத்தரையும் வைச்சாங்கள். பேர் இரத்தினசிங்கம். கொழும்பில பயிற்சி எடுத்தவராம். வந்த கையோட வீதி ஒழுக்க மாதம் எண்டு அறிவிச்சு, ரவுண் ஓட்டோக்காரர் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். வராதவையின்ர ஓட்டோ ஓட ஏலாது எண்டதால எல்லாரும் போனம்.

மேடையில அவருக்கு ஒரு பெரிய கதிரை. எங்களுக்குச் சீமெந்து நிலம். எழும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"அன்பார்ந்த சாரதிப் பெருமக்களே, இந்த மாவட்டத்தில் மனித உயிருக்குத் தலையாய ஆபத்து எது? வாகனம் செலுத்தும்போது கைத்தொலைபேசி பாவிப்பது."

அப்பதான் துறைமுகத்துக்கு அங்கால ஷெல் ஒண்டு விழுந்த சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுத்தது. நாங்கள் அவ்வளவு பேரும் தலையைக் குனிஞ்சிட்டம். பணிப்பாளர் அசையேல்ல. ஒரு மிடறு தண்ணி குடிச்சார்.

"வெளியில் கேட்கும் சத்தங்கள் வேறு திணைக்களத்துக்கு உரியவை," எண்டார். "நாம் நமது விடயத்துக்கு வருவோம்."

சொன்ன விடயம் பிழையில்லை. கண் ஒரு நிமிசம் போனில நிண்டால் ரோட்டில என்ன வருது எண்டு தெரியாது, கை ஒண்டு குறைஞ்சால் ஹாண்டில் இழுபடும், எல்லாம் உண்மை. நாங்களும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு இருந்தம். வீட்டை போயிருக்கலாம். ஆனால் எனக்குப் பக்கத்தில இருந்த ஸஹாப்தீனுக்கு வாய் சும்மா இருக்காது. எங்கட ஓட்டோ ஸ்ராண்டிலயே பகிடிக்காரன் அவன்தான். எழும்பி, சேர், நாங்கள் ஓடேக்க போன் எடுக்கிறமோ இல்லையோ எண்டு நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கள் எண்டு கேட்டான்.

பணிப்பாளர் யோசிச்சார். அவர் முகம் மலர்ந்தது.

"மிக நல்ல கேள்வி. நாங்களே உங்களை அழைத்துப் பார்ப்போம். ஓடும்போது எடுத்தால் குற்றம்."

"எடுக்காட்டி, சேர்?"

"எடுக்காத ஒருவர் ஏன் எடுக்கவில்லை என்பதை நாம் அறிய முடியாது. இக்காலத்தில் அறிய முடியாத எதையும் உரிய இடத்துக்கு அறிவிப்பது எமது கடமை. மூன்று அடிக்குள் எடுக்காத இலக்கங்கள் உரிய இடத்துக்குப் போகும்."

உரிய இடம் எது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. ஸஹாப்தீனும் கேக்கேல்ல. மெல்ல நிலத்தில குந்தினான். வெளியில வரேக்க எல்லாற்ற நம்பரையும் எழுதி எடுத்துக்கொண்டு, கையில ஒரு ஸ்ரிக்கரும் தந்து விட்டாங்கள். அதில ஒரு போன் படமும் ஒரு மண்டையோடும் இருந்தது.

ஸ்ராண்டில கூடிக் கதைச்சம். எடுத்தால் குற்றம், எடுக்காட்டி உரிய இடம். அப்ப ஓரமா நிப்பாட்டிப்போட்டு எடுக்கலாம் எண்டால், இரண்டு சென்றிக்கு நடுவில வாகனம் நிப்பாட்டத் தடை. நிண்ட வாகனத்துக்குள்ள குண்டு இருக்கெண்டுதான் நினைப்பாங்கள். போனை வீட்டை வைச்சிட்டு வருவம் எண்டு ஒருத்தர் சொன்னார். அடுத்த நாளே பணியகத்தால அறிவித்தல் வந்தது, போன் இல்லாமல் ஓடுற சாரதி தொடர்பற்ற நபர் எண்டு கருதப்படுவாராம். தொடர்பற்ற நபரை என்ன செய்வாங்கள் எண்டும் ஒருத்தரும் கேக்கேல்ல.

எனக்கு வந்த முதல் அழைப்பைச் சொல்லுறன்.

நல்லம்மா ரீச்சரைக் கண் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறன். சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட, முன்னால சென்றி தெரியிற தூரத்தில, சட்டைப் பொக்கற்றுக்குள்ள போன் அடிச்சது. முதல் அடியில எனக்கு வேர்த்தது. இரண்டாவது அடிக்கு ரீச்சர் பின்னால இருந்து, எடு தம்பி, உரிய இடத்துக்குப் போகப் போகுது எண்டா. உடனே, இல்லை எடுக்காத, ஓடுறாய் எண்டா. மூண்டாவது அடிக்கு என்ர கை தானாப் போனது. போனை எடுத்து எந்த நம்பர் எண்டு பாத்தன். அவ்வளவுதான். பாத்தது ஒரு கண்மூடித் திறக்கிற நேரம் வராது.

நிமிரேக்க என்ர முன் சில்லுக்கு முன்னால முஹம்மது தம்பி நிக்கிறார். நிலாவெளியில இருந்து மீன்பெட்டி கட்டின சைக்கிளில வாறவர், என்னை நம்பி ஒதுங்காமல் வந்திட்டார். ஹாண்டிலை வெட்டினன். ஓட்டோ ஒரு பக்கம் தூக்கினது. ரீச்சர் முருகா எண்டு கத்தினா. மீன்பெட்டி என்ர கண்ணாடியில அடிபட்டு, சூடை மீன் முழுக்க ரோட்டில கொட்டுப்பட்டது. ஓட்டோ நேரா சென்றியின்ர தார்ப் பீப்பாவைப் பாத்துப் போகுது. மண்மூட்டைக்குப் பின்னால நிண்ட பொடியன் துவக்கைத் தோளில வைச்சிட்டான். நான் பிரேக்கில ஏறி நிண்டன். பீப்பாவுக்கு ஒரு முழம் இருக்கேக்க எஞ்சின் நிண்டது.

பொடியன் சிங்களத்தில கத்துறான். நான் இரண்டு கையையும் உயர்த்தினன். ஒரு கையில போன். அவன் அந்தப் போனைத்தான் பாக்கிறான், அதை நான் அமத்தினால் என்ன வெடிக்கும் எண்டு. அவனுக்கு இருவது வயசும் இராது. அவன்ர விரலும் நடுங்கினது. அதைக் கண்டுதான் எனக்குக் கூடப் பயம் வந்தது. ஹாண்டிலை வெட்டின அவதியில பட்டன் அமந்திட்டுது போல, அந்த நேரம் உயர்த்தின கையில இருந்து தெளிவான தமிழில ஒரு குரல் வந்தது.

"வணக்கம். வீதி ஒழுக்கப் பணியகம். இது ஒரு பரிசோதனை அழைப்பு. நீங்கள் இப்போது வாகனம் செலுத்துகிறீர்களா?"

பாலத்து ரோட்டில முட்டுக்காலில இருந்தன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல. ஓட்டோவைக் கழட்டாத குறையாச் சோதிச்சாங்கள். விட்ட பிறகு வீட்டுக்கு மிஸ்கோல் குடுக்கவும் கை வரேல்ல. ரீச்சர்தான் அமத்தினா. முஹம்மது தம்பி முழங்கால் தோல் உரிஞ்சு ரத்தம் வடிய ரோட்டில மீன் பொறுக்கிக்கொண்டு இருந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசேல்ல. ஏசியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். போன் ஆபத்து எண்டு பணியகம் சொன்னது முழு உண்மை. அதை எனக்கு நிரூபிச்சுக் காட்டினதும் பணியகம்தான்.

இரண்டு நாளில விசாரணை. பணிப்பாளர் தானே இருந்து விசாரிச்சார். பக்கத்தில பாக்கியரத்தினம் எண்ட கிளாக்கர், எதைச் சொன்னாலும் எழுதுற ஆள்.

எடுத்தீரா எண்டார். எடுத்தனான் எண்டன். ஓடினீரா எண்டார். ஓம் எண்டன். குற்றம் எண்டார். எடுக்காட்டி உரிய இடத்துக்குப் போயிடும் எண்டு பயத்தில எடுத்தனான் சேர் எண்டன்.

"பயம் என்பதற்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை. நிறுத்தி எடுத்திருக்கலாமே?"

நிப்பாட்டினால் சுடுவாங்கள் எண்டன்.

"அது வேறு திணைக்களம்," எண்டார்.

பிறகு என்னை மேலும் கீழும் பாத்தார். பயத்தில என்ர பல்லு அடிச்சுக்கொண்டு இருந்தது. அது அவருக்குப் பிடிச்சுப் போச்சுது. பாக்கியரத்தினம், நாங்கள் தேடிய ஆள் இவர்தான் எண்டார். அண்டையில இருந்து நான் மாவட்டத்தின்ர முன்மாதிரிச் சாரதி. நாளாந்தம் எந்த நேரமும் பணிப்பாளர் தன்ர போனில இருந்து எனக்கு அடிப்பாராம். நான் எடுக்கவே கூடாதாம். எடுக்காத மனுசன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு மேலிடத்துக்குக் காட்டவேணுமாம். அப்ப என்ர நம்பர் உரிய இடத்துக்குப் போகாதோ சேர் எண்டு கேட்டன்.

"போகாது. அதற்கு நான் வாய்மொழியாக உறுதி தருகிறேன்."

வாய்மொழியா. அந்த வாய்மொழி உரிய இடத்துக்குத் தெரியுமோ எண்டு நினைச்சுக்கொண்டு வெளியில வந்தன்.

அதுக்குப் பிறகு நான் பட்ட பாடு நாய்படாப் பாடு. போன் அடிக்கும். எடுக்க ஏலாது. பாக்கவும் ஏலாது, பாத்தால் முஹம்மது தம்பியின்ர முழங்கால் ஞாபகம் வரும். அடிக்கிறது பணிப்பாளரோ, உரிய இடமோ, ஒண்டும் தெரியாது. ஏறுற சனம் எடுங்கோ எடுங்கோ எண்டு கெஞ்சும். ஒரு மனுசி போன் அடிக்கிறதைக் கேட்டிட்டு, நான் எடுக்காததையும் பாத்திட்டு, காசை சீற்றில வைச்சுப்போட்டு நடுவழியில இறங்கி நடந்தா. கமலாதேவிக்கு நீ எனக்கு அடிக்காத எண்டு சொல்லிப்போட்டன். அவ சரி எண்டா. ஆனால் எனக்குச் சோறு இறங்கேல்ல, அவவுக்கு நித்திரை வரேல்ல. ஸஹாப்தீனை ஒரு நாள் ஸ்ராண்டில காணேல்ல. எல்லாரும் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் பாத்தம். பிறகுதான் கதை வந்தது, போனைத் துறைமுகத் தண்ணிக்குள்ள எறிஞ்சுபோட்டுக் கிண்ணியாவில உம்மா வீட்டை போயிட்டானாம். அந்தச் செய்தி கேட்டு நான் ஓட்டோவுக்குள்ள இருந்து அழுதன். சந்தோசத்திலதான் அழுதன் எண்டு நினைக்கிறன்.

வீதி ஒழுக்க மாதத்தின்ர கடைசி நாள் ஊர்வலம் வைச்சாங்கள். ரவுணில தொடங்கிச் சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும். முன்னுக்கு பாண்ட், அதுக்குப் பின்னால பனர், அதுக்குப் பின்னால என்ர ஓட்டோ. ஓட்டோவில எடுக்காத கரம் எண்டு ஒரு மட்டை கட்டியிருந்தாங்கள். எனக்குப் பின்னால பணிப்பாளரின்ர ஜீப். பனர் பிடிக்க ஆள் காணாது எண்டு ஜீப் டிரைவரையும் இறக்கி நடக்க விட்டிட்டாங்கள். அதால பணிப்பாளர் தானே ஓட்டினார். பக்கத்தில பாக்கியரத்தினம் மைக்கோட. ஜீப்புக்கு மேல ஸ்பீக்கர்.

பாலத்துச் சென்றி தெரியத் தொடங்கினது. பாண்ட்காரரும் பனரும் ஓரத்துக்கு ஒதுங்கிச்சினம். ஸ்பீக்கரில பாக்கியரத்தினம் தொடங்கினார்.

"பொதுமக்களே, பணிப்பாளர் அவர்கள் இப்போது முன்மாதிரிச் சாரதியை அழைக்கிறார்கள். சாரதியின் கைகளைக் கவனியுங்கள்."

என்ர பொக்கற்றில போன் அடிச்சது. நான் ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சன். இரண்டு கையும் வெளுத்துப் போச்சுது.

"எடுக்கவில்லை. கைதட்டுங்கள். மீண்டும் அழைக்கிறார்கள்."

பீப்பாவுக்குக் கிட்ட வந்தவுடன ஒழுங்குப்படி நான் வேகத்தைக் குறைச்சுப் பக்கமா வளைச்சன். கண்ணாடியில பாத்தன். முன்பு மீன்பெட்டி அடிச்சதில கீறின கண்ணாடி. அதுக்குள்ள பணிப்பாளர் தெரியிறார். ஒரு கை ஸ்ரியரிங்கில. மற்றக் கையில போன், காதோட. கண் ரோட்டில இல்லை. நான் எடுக்கிறனோ எண்டு என்ர கையைத்தான் எட்டி எட்டிப் பாக்கிறார். ஜீப் வளையேல்ல.

பீப்பா இரண்டும் பறந்தது. ஜீப் மண்மூட்டைக்குள்ள ஏறிச் சரிஞ்சது. அந்தச் சென்றிப் பொடியன் ஒரு பக்கம் பாய்ஞ்சு தப்பினான். உடன வெடி கேட்டது. வானத்துக்குத்தான் சுட்டாங்கள், ஆனால் சுடேக்க அது ஆருக்குத் தெரியும். ரோட்டில நிண்ட அவ்வளவு சனமும் குப்புற விழுந்தது. நானும் ஓட்டோவுக்குக் கீழ. வெடி நிண்ட பிறகும் என்ர நெஞ்சுக்குக் கீழ போன் அடிச்சுக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நிண்டது. ஒரு சத்தமும் இல்லை. மைக் மட்டும் வேலை செய்தது. ஸ்பீக்கரில பணிப்பாளரின்ர குரல் முனகினது.

"எடுத்தானா?"

ஒருத்தரும் சாகேல்ல. பணிப்பாளருக்குக் காறை எலும்பும் காலும் முறிஞ்சது. பாக்கியரத்தினத்துக்கு நெத்தியில தையல். என்னைப் பணியகத்துக்குக் கொண்டு போனாங்கள். ஓட்டோவை மறிச்சு வைச்சாங்கள். போனில பணிப்பாளரின்ர அழைப்பு இருக்கெண்டு சொல்லி, அது சான்றுப் பொருள் எண்டு பாக்கியரத்தினம் வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைச்சார். பணிப்பாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலில கிடந்துகொண்டு போனிலயே விசாரணை நடத்தினார்.

"விபத்துக்குக் காரணம் தெளிவானது. முதலாவது அடியிலேயே நீர் எடுத்திருந்தால் அழைப்பு முடிந்திருக்கும். நானும் வீதியைப் பார்த்திருப்பேன்."

சேர், நீங்கள்தானே எடுக்க வேண்டாம் எண்டு சொன்னனீங்கள் எண்டன்.

"அது பரிசோதனை. இது விபத்து. இரண்டையும் குழப்பக் கூடாது."

நீங்களும் ஓடிக்கொண்டுதானே கதைச்சீங்கள் எண்டு கேக்க என்ர நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, மனுசி மட்டும்தான். அவவை நினைச்சு விழுங்கினன். பின்னேரம் வரை பின் அறையில வைச்சிருந்து, கூப்பிட்டால் வரவேணும் எண்டு சொல்லி விட்டாங்கள். ஊரடங்குக்கு முதல் வாற கடைசி பஸ் எடுத்தன். ஒவ்வொரு சென்றி தாண்டேக்கயும் கை பொக்கற்றுக்குப் போகும். பொக்கற் வெறுமை. பக்கத்தில இருந்த ஆளிட்ட ஒரு மிஸ்கோல் குடுக்கலாமோ எண்டு கேட்டன். அந்தாள் என்னைப் பாத்தார், தன்ர போனைப் பாத்தார், தள்ளி இருந்தார். அவரைக் குறை சொல்ல ஏலாது.

எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பேக்கயே அழுகைச் சத்தம் கேட்டது. ஆற்ற வீடோ எண்டு நினைச்சன். கிட்டப் போகப் போகத்தான் என்ர வீடு எண்டு விளங்கினது. முத்தம் நிறையச் சனம். ஆரோ கதிரை எல்லாம் இரவல் வாங்கிப் போட்டிருந்தாங்கள். நல்லம்மா ரீச்சர் வாசலில இருந்து அழுறா. முஹம்மது தம்பி தொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு வேலியோட நிக்கிறார். என்னைக் கண்டவுடன அவர்தான் முதல்ல அல்லாஹ் எண்டு நிலத்தில குந்தினார்.

கமலாதேவி உள்ளுக்கு இருந்தவ. மடியில எங்கட கலியாணப் படம். என்ர பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்கக் கத்தரிக்கோல் கையில. காணாமல் போன ஆளைப் பதியிறதுக்குப் படம் வேணும் எண்டு எங்கட ஊரில எல்லாப் பொம்பிளையளுக்கும் தெரியும். என்னைப் பாத்தா. கத்தரிக்கோலை வைச்சா. எழும்பி வந்து என்ர முகத்தைத் தடவினா, காதைப் பிடிச்சுப் பாத்தா. பிறகு இரண்டு கையாலயும் என்ர நெஞ்சில அடிச்சா, கை ஓயும் வரைக்கும். நான் நிண்டு வாங்கினன்.

பிறகுதான் சொன்னா. ஊர்வலம் போன நேரம் வெடிச்சத்தம் கேட்டதாம். ஒரு மிஸ்கோலும் வரேல்லயாம். பொறுக்கேலாமல் தானே என்ர நம்பருக்கு அடிச்சாவாம். எடுத்தது வேற ஆம்பிளைக் குரல். அந்த நாளில மனுசன்ர போனை வேற ஆள் எடுத்தால் என்ன அர்த்தம் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. அது பாக்கியரத்தினம். பணியகத்தின்ர ஒழுங்குப்படி மரியாதையாத்தான் கதைச்சிருக்கிறார்.

"இந்த இலக்கத்தின் உரிமையாளர் தற்போது பதிலளிக்கும் நிலையில் இல்லை. அவருடைய உடைமை எமது பொறுப்பில் உள்ளது."

அண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பு எரியேல்ல. சனம்தான் சோறு கொண்டந்து தந்தது, செத்தவீட்டுக்குக் குடுக்கிற மாதிரி. நானும் இருந்து சாப்பிட்டன்.

இரண்டு கிழமையால ஓட்டோவையும் போனையும் திருப்பித் தந்தாங்கள். கூடவே ஒரு சான்றிதழ், முன்மாதிரிச் சாரதி எண்டு. என்ர படம் போட்ட போஸ்ரர் அடிச்சு ரவுண் மதில் முழுக்க ஒட்டினாங்கள். எங்கட மதிலுகளில படம் ஒட்டுறது செத்த ஆளுக்கெண்டு பணியகத்துக்குத் தெரியாது, அது வேறு திணைக்களம். கமலாதேவி ஒவ்வொரு மதிலாப் போய் என்ர படத்தைக் கிழிச்சா. பகல் வெளிச்சத்தில, எல்லாரும் பாக்க, நகத்தால சுரண்டிச் சுரண்டிக் கிழிச்சா. நான் தடுக்கப் போகேல்ல.

அதுக்குப் பிறகு அவ என்னைத் தனிய விடுறேல்ல. ஓட்டோவில பின் சீற்றில ஒரு மூலையில இருப்பா. போன் அவவின்ர மடியில. சனம் ஏறினால் ஒதுங்கி இடம் விடுவா. சென்றி தாண்டினால் மிஸ்கோல் குடுக்க வீட்டில ஆள் இல்லை. இருந்தும் பழக்கத்தில ஒரு மூச்சு விடுவா, அது எனக்குக் கேக்கும்.

ஒரு நாள் பாலம் தாண்டிப் போகேக்க போன் அடிச்சது. என்ர கை இரண்டும் ஹாண்டிலில இறுகினது. கண்ணை ரோட்டை விட்டு எடுக்கேல்ல. அவ எடுத்தா. எஞ்சின் சத்தத்துக்கு மேலால பணிப்பாளரின்ர குரல் எனக்கும் கேட்டது. கால் சுகமாகித் திரும்பி வந்திட்டார் போல.

"வணக்கம். இது ஒரு பரிசோதனை அழைப்பு. முன்மாதிரிச் சாரதி இப்போது வாகனம் செலுத்துகிறாரா, இல்லையா?"

கமலாதேவி போனை மற்றக் காதுக்கு மாத்தினா.

"உயிரோட இருக்கிறார், ஐயா," எண்டா. "வேற என்ன தெரியவேணும் உங்களுக்கு?"

தூரத்தில பாக்கியரத்தினத்திட்ட, இதைப் படிவத்தில் எந்தக் கூட்டில் எழுதுவது எண்டு பணிப்பாளர் கேக்கிற சத்தம் வந்தது. அவ கட் பண்ணிப்போட்டுப் போனை மடியில வைச்சா. முன்னால சென்றி வந்தது. நான் வேகத்தைக் குறைச்சன்.